வேகத்தடை எங்கே வேண்டும்?

டீக்கடையில் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து, தொகையைத் தட்டி, பின் எண்ணைப் போடுகிறோம். கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் பெட்டி உடனே வரவைச் சத்தமாகச் சொல்லிவிடுகிறது. அந்தச் சில நொடிக்குள் நடப்பது மலைக்க வைக்கும். செயலியின் கட்டளை, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ என்ற தேசியக் கழகத்துக்குப் போகிறது. அது நம் வங்கியைக் கேட்கிறது. நம் வங்கி பின் எண்ணைச் சரிபார்த்துப் பணத்தைக் கழிக்க, கடைக்காரரின் வங்கி வரவு வைக்கிறது. வங்கிகள் தங்களுக்குள் கணக்கு நேர் செய்வது அப்புறம்தான், நாளுக்குப் பல தவணைகளாக.

பின் எண் போடும் திரையைக் கவனித்துப் பாருங்கள். எந்தச் செயலியிலும் அது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அந்தத் திரையின் நிரல் என்பிசிஐ கொடுத்தது. நாம் தட்டும் எண் போனிலேயே சங்கேதமாக மாறிவிடும். செயலியால் அதைப் படிக்க முடியாது. கணக்கும் நம் சிம்மோடும் போனோடும் பிணைந்திருக்கிறது. அதனால் பின் எண் தெரிந்தால் மட்டும் திருடனுக்குப் போதாது.

இதை உடைக்க மெனக்கெடுவதைவிட, நம்மையே பின் எண் போட வைப்பது மோசடிக்காரர்களுக்குச் சுலபம். “ரீஃபண்ட் வந்திருக்கு சார், பின் போட்டா ஏறிடும்” என்பார்கள். பணம் பெறப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. இந்தத் தந்திரத்துக்குப் பயன்பட்டதால்தான், தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு அனுப்பும் ‘கலெக்ட்’ வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது.

எல்லா இடத்திலும் இப்படி வசதியைப் பறிக்க வேண்டியதில்லை. சிறு தொகைகளுக்கான யுபிஐ லைட்டில் 1,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமலே செலுத்தலாம். ஆனால் அதில் 5,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க முடியாது. மாதச் சந்தா தானாகவே கழியலாம். ஆனால் 24 மணி நேரம் முன்பே தகவல் வரவேண்டும், பொதுவாக 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் நம் ஒப்புதல் வேண்டும். பள்ளிக்கூட வாசலில் போடுவதுபோல, ஆபத்துள்ள இடம் பார்த்துப் போட்ட வேகத்தடைகள் இவை.

ஏமாந்தவருக்கு யார் ஈடு தருவது என்பதுதான் கடினமான கேள்வி. நமக்குத் தெரியாமல் வெளியாள் கணக்கில் கைவைத்திருந்து, அதை நாம் மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்துவிட்டால் நட்டம் நம்மைச் சேராது என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. ஏமாற்றப்பட்டு நாமே பின் எண் போட்டிருந்தால் அந்த விதி பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், அப்படி இழந்தவருக்கும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தரவேண்டும்; அனுப்பிய நிறுவனமும் பெற்ற நிறுவனமும் அதைப் பாதிப் பாதியாக ஏற்கின்றன.

அந்தப் பங்கீட்டில் நியாயம் இருக்கிறது. முதியவர் ஒருவர் முன்பின் தெரியாத கணக்குக்குச் சேமிப்பு முழுவதையும் ஒரே நாளில் அனுப்புவது அவருடைய வங்கிக்குத் தெரியும். நேற்றுவரை சும்மா கிடந்த கணக்கில் திடீரென லட்சங்கள் இறங்குவது பெறும் வங்கிக்குத் தெரியும். பார்க்க முடிந்தவர்கள் நட்டத்திலும் பங்கேற்றால்தான் தடுக்கும் அக்கறை வரும். இந்தியாவுக்கும் அப்படி ஒரு விதி வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது 1930 என்ற உதவி எண். ஏமாந்தது தெரிந்ததும் கூச்சப்படாமல் அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால், முடக்கி மீட்க வாய்ப்பு இருக்கிறது.