எலும்புக்கு ஒரு சாரம்



புனேயில் யான் வாழும் போபோடிப் பகுதியில் புதுக் கட்டடம் எழும்போதெல்லாம் முதலில் சாரம் கட்டப்படுவதைக் காண்கிறேன். பணி முடிந்ததும் அது பிரித்து அகற்றப்படுகிறது. மனித உடலுக்கும் இத்தகைய சாரம் தேவைப்படும் வேளை உண்டு.

சிறு முறிவாயின் எலும்பு தானே கூடிவிடும். விபத்தில் பெருந்துண்டு ஒன்று சிதைந்துபோனால் அவ்விடைவெளியை உடல் தனித்து நிரப்ப இயலாது. அப்போது பெரும்பாலும் நோயாளியின் இடுப்பிலிருந்தே சிறிது எலும்பை எடுத்து வைப்பர். ஒரு புண்ணை ஆற்ற மற்றொரு புண்! எங்கள் அண்டை வீட்டுத் தமிழ் இளைஞர் ஒருவர், காலைவிட இடுப்பின் வலியே தம்மை நெடுநாள் வருத்தியதென்பார்.

இதற்கு மாற்று யாது? எலும்பின் இயல்பை அறிந்தால் விடை புலப்படும். கோழி எலும்பைக் காடியில் சில நாள் ஊறவைத்தால் சுண்ணச்சத்து கரைந்து அது வளையும். நெருப்பிலிட்டால் புரதம் எரிந்து எளிதில் நொறுங்கும். கொலாஜென் என்னும் புரத நாரும், கால்சியம் பாஸ்பேட் வகைக் கனிமமும் கூடியிருப்பதனாலேயே எலும்பு உறுதி பெறுகிறது. வைக்கோல் கலந்த மண்சுவரும் இத்தகையதே. இவ்வாறு இரு பொருள்களின் குணங்களை ஒருங்கே தருவதைக் கலப்புப் பொருள் என்கிறோம்.

ஆயினும் வலிமை மட்டும் போதாது. உயிரணுக்கள் குடியேறவும் குருதிக் குழாய்கள் பரவவும் நுண்துளைகள் வேண்டும். துளை மிகுந்தாலோ வலிமை குறையும். விரைவில் கரைந்தால் புது எலும்பு வளருமுன் தாங்கல் போய்விடும். கரையாமல் மிக விறைப்பாக நின்றால், பாரத்தைத் தானே சுமந்து அருகிலுள்ள எலும்பை நலியச் செய்யும்.

இச்சிக்கலை ஆராய்ந்த இடங்களுள் ஒன்று, 1950இல் இந்நகரின் பாஷாண் சாலையில் திறக்கப்பட்ட தேசிய இரசாயன ஆய்வுக்கூடம். அங்குள்ள ஆய்வாளர்கள் தேர்ந்தது, நம் காஞ்சிப் புடவைக்கு இழையாகும் பட்டையே. அறுவைத் தையலுக்கு மருத்துவர் நெடுங்காலம் கையாண்ட பொருளன்றோ அது! பட்டின் பசையை நீக்கினால் பைப்ராயின் என்னும் புரதம் எஞ்சும். அதை நுண்துகள்களாக்கி, நெருக்கிப் பிணைத்து, துளைகளும் வலிமையும் ஒருங்கே அமைந்த சாரத்தை உருவாக்கி, 2018இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அச்சாரம் மெல்லமெல்லவே கரைவது அதன் சிறப்பு.

ஆய்வுக்கூடத்திலிருந்து அறுவை அரங்குக்குச் செல்லும் வழி நெடியது. விலங்குகளிடத்தும், பின்னர் மனிதரிடத்தும் பன்முறை சோதித்த பின்னரே எப்பொருளையும் உடலில் வைக்க இசைவு கிடைக்கும். அவ்வழி முடியும் நாளில், காலை இழக்காதிருக்க இடுப்பைப் புண்ணாக்கிக்கொள்ளும் துன்பம் நம் இளைஞர்களுக்கு இராது.