புவியியலும் கல்வியியலும்: ஒருங்கிணைந்த பட்டப்படிப்பின் தேவை

பாடப்பொருளையும் கற்பித்தல் முறையையும் நான்காண்டுப் பட்டப்படிப்பில் இணைத்த முன்னோடி நிறுவனங்களுள் ஒன்று, 1963இல் மைசூருவில் நிறுவப்பெற்ற மண்டலக் கல்வியியல் கல்லூரி. தனித்தனியே பயின்றால் இன்று ஐந்தாண்டுகள் ஆகும். ஆயினும் இவ்விணைப்பின் பயன் ஓராண்டு மிச்சமாதல் மட்டுமன்று.

பாம்பன் தீவிலுள்ள அக்காள்மடம் இதற்குத் தக்க சான்றாகும். ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குப் பருவத்தில் கச்சான் தென்கடலையும், வடகிழக்குப் பருவத்தில் வாடை வடகடலையும் கொந்தளிக்கச் செய்கின்றன. மீனவர் வீட்டுச் சிறார் இதனைப் பள்ளிப் பாடத்திற்கு முன்னரே அறிவர்.

புவியியல் மட்டும் கற்றவர் பருவக்காற்றின் காரணத்தை உரைப்பார். கல்வியியல் மட்டும் கற்றவர் வினா எழுப்பும் முறையை அறிவார். மாணவர் அறிந்த காற்றிலிருந்து காற்றழுத்த வேறுபாட்டிற்கு அவர்களை அழைத்துச்செல்ல இரண்டும் வேண்டும். இல்லையேல், தாம் அறிந்த காற்றையே அவர்கள் அயற்பாடமாக மனனம் செய்ய நேரும்.