புற்றுநோய் மருந்து இதயத்தைத் தொட்டது ஏன்?

மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டிராஸ்டுசுமாப், ஹெர்2 என்ற புரதத்தைக் குறிவைக்கும் மருந்து. ஆந்த்ராசைக்ளின் வகை மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது 27 சதவீதம் பேருக்கு இதயம் பலவீனப்பட்டது என்றது 2001இல் வெளியான ஆய்வு. டிராஸ்டுசுமாப் சேராதபோது 8 சதவீதம்தான்.

ஹெர்2 இதயத் தசைச் செல்களிலும் உண்டு என்பதுதான் சிக்கல். அருகிலுள்ள ரத்தக் குழாய்களின் உட்சுவர் நியூரெகுலின் என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்கிறது. அது தசைச் செல்லின் ஹெர்4 ஏற்பியில் ஒட்டியதும் ஹெர்4, ஹெர்2வைத் துணைக்கு இழுத்துக்கொள்கிறது. உள்ளே ஏகேடி நொதி முடுக்கப்படுகிறது. சாவைத் தூண்டும் ‘பேட்’ புரதத்தின்மேல் அது ஒரு பாஸ்பேட்டை ஏற்றிவிடும். பேட் பிறகு மைட்டோகாண்ட்ரியாவை அண்டாது. அண்டினால் அங்கே துளை விழும்; அதன் வழியே சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிந்தால், செல் தன்னையே அழித்துக்கொள்ளத் தொடங்கிவிடும்.

இந்தக் காவலைத்தான் மருந்து தளர்த்துகிறது. நல்லவேளையாக, மருந்தை நிறுத்தினால் பலருக்கு இதயம் தேறிவிடுகிறது. ஆகவேதான் சிகிச்சைக்கு முன்பும் இடையிலும் எக்கோ எடுக்கிறார்கள்.