3.2 பெரிதா, 2.0 பெரிதா?

2005 வாக்கில் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் வீட்டுக்கு கம்ப்யூட்டர் வாங்க நினைத்தவர்களில் பலர் மின்சார ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போவார்கள். கடையில் எழுதித் தரும் கொட்டேஷனின் முதல் வரி ப்ராசஸர். இன்டெல் பென்டியம் 4 என்றால் பக்கத்திலேயே 3.2 ஜிகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். ஏஎம்டி அத்லான் 64 என்றால் 3200+ என்று ஓர் எண் இருக்கும். கொஞ்சம் துருவிக் கேட்டால், அந்தச் சில்லு ஓடுவது 2.0 ஜிகாஹெர்ட்ஸில்தான் என்று தெரியவரும். "அப்புறம் எதுக்கு சார் 3200-னு போட்டிருக்கு?" என்ற கேள்வி வராமல் இருக்காது.

இரண்டும் ஒற்றைக் கோர் ப்ராசஸர்கள். ஒன்று நொடிக்கு 320 கோடி முறை துடிக்கிறது, மற்றது 200 கோடி முறை. 320 கோடி என்பது எவ்வளவு வேகம்? அந்த ஒரு துடிப்புக்குள் ஒளியே சுமார் 9.4 சென்டிமீட்டர்தான் நகர முடியும், அரைச் சாண் தூரம். இப்படித் துடிப்பதை 200 கோடியில் நிற்கும் ஒன்று எப்படி எட்டிப் பிடிக்கும்?

துடிப்பு என்பது கணக்கில் ஒரு பாதிதான். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது மறுபாதி. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதே உண்மையான வேகம். வாங்குபவர்கள் முதல் பாதியை மட்டுமே பார்த்தார்கள் என்பதால்தான் ஏஎம்டி தன் சில்லுகளுக்கு மெகாஹெர்ட்ஸை விட்டுவிட்டு 3200+ போன்ற எண்களைச் சூட்டியது.

மறுபாதியைப் புரிந்துகொள்ள, தாம்பரம் - கடற்கரை தடத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1931 முதல் மின்சார ரயில் ஓடும் தடம் இது. முழுத் தடத்திலும் ஒரே ஒரு ரயில்தான் இருக்கலாம் என்று விதி வைத்தால், முதல் ரயில் கடற்கரையைத் தொடும்வரை அடுத்தது தாம்பரத்தில் காத்துக் கிடக்கும். தடத்தை சிக்னல்களால் துண்டு துண்டாகப் பிரித்தால், ஒன்றன்பின் ஒன்றாகப் பல ரயில்களை விடலாம். ஒரு பயணியின் பயண நேரம் குறையாது, ஆனால் மணிக்கு எத்தனை ரயில் என்ற எண்ணிக்கை கூடும். ப்ராசஸருக்குள் கட்டளைகள் இப்படித்தான் ஓடுகின்றன. இதற்குப் பைப்லைன் என்று பெயர்.

இன்டெல் இந்த உத்தியை எல்லைவரை கொண்டுபோனது. 2000 நவம்பரில் வந்த முதல் பென்டியம் 4-இல் பைப்லைன் 20 துண்டுகள், அதாவது 20 படிகள். 2004 பிப்ரவரியில் வந்த பிரெஸ்காட் வகையில் 31. படி சிறிதாகச் சிறிதாக ஒவ்வொன்றிலும் வேலை குறையும், துடிப்பை வேகப்படுத்தலாம், ஜிகாஹெர்ட்ஸ் எண் ஏறும். அத்லான் 64 முழு எண் கணக்குகளுக்கு 12 படிகளோடு நின்றுகொண்டது.

சிக்கல் எங்கே என்றால், எந்த நிரலிலும் சில கட்டளைகளுக்கு ஒருமுறை "இப்படியென்றால் அந்தப் பக்கம், இல்லையென்றால் இந்தப் பக்கம்" என்று ஒரு கிளை வரும். விடை தெரியும்வரை காத்திருந்தால் தடம் காலியாகிவிடும். எனவே ப்ராசஸர் ஊகித்து ஒரு பக்கம் ரயில்களை அனுப்பிவிடுகிறது. ஊகம் பெரும்பாலும் பலிக்கும். பலிக்காதபோது, பின்னால் வந்துகொண்டிருக்கும் எல்லா ரயில்களையும் ரத்து செய்துவிட்டுத் தாம்பரத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். தடம் நீளமாக இருந்தால் ரத்தாகும் ரயில்களும் அதிகம்.

நினைவகத்திலும் இதே கதை. ரேமிலிருந்து ஒரு தகவல் வர 60 நானோநொடி ஆகிறது என்று வைத்தால், 3.2 ஜிகாஹெர்ட்ஸ் சில்லு அதற்குள் 192 துடிப்புகளைத் தவறவிடுகிறது. பென்டியம் 4 மதர்போர்டில் இருக்கும் வேறொரு சில்லு வழியாக ரேமிடம் பேசும். அத்லான் 64 ரேம் கட்டுப்பாட்டைத் தனக்குள்ளேயே வைத்திருந்ததால் காத்திருப்பு குறைந்தது.

ஆகவே விளையாட்டுகளில் அத்லான் 64 முந்தியது, சாதாரண அலுவலக வேலையில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் கிளைகள் குறைவாக, ஒரே வகைக் கணக்கு நீளமாக ஓடும் வீடியோ என்கோடிங்கில் பென்டியம் 4 தன் துடிப்பின் பலனைக் காட்டியது. கல்யாண வீடியோ மிக்சிங் செய்யும் ஸ்டுடியோவுக்கு அது நல்ல முதலீடு. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கும் டிடிபி சென்டருக்கும் அந்தக் கூடுதல் துடிப்பால் பெரிய லாபம் இல்லை.

நம் ஊரில் மூன்றாவதாக ஒரு கணக்கும் உண்டு, அது சூடு. 3.2 ஜிகாஹெர்ட்ஸ் பிரெஸ்காட்டுக்கு இன்டெல் குறித்த வெப்ப அளவு 103 வாட். 90 நானோமீட்டர் தயாரிப்பு முறையில் செய்த அத்லான் 64 3200+-க்கு 67 வாட். 36 வாட் வித்தியாசம், முழு வேலையில் தினம் எட்டு மணி நேரம் ஓடினால், இரண்டு மாத மின்கட்டணத்தில் ஏறத்தாழ 17 யூனிட். ஸ்லாப் எல்லையில் நிற்கும் வீட்டுக்கு இது சிறிய தொகை ஆகாது. வேலை இல்லாதபோது அத்லான் 64 தன் துடிப்பை 1 ஜிகாஹெர்ட்ஸுக்கு இறக்கிக்கொள்ளவும் செய்யும்.

மே மாத மதியத்தில், ஏசி இல்லாத அறையில், ஹீட் சிங்கின் தகடுகளுக்கு இடையே புழுதி அடைத்திருக்கும் பென்டியம் 4 என்ன செய்யும்? எரிந்துபோகாமல் இருக்கத் தன் துடிப்பை விட்டு விட்டு நிறுத்திக்கொள்ளும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது, சிஸ்டம் மட்டும் இழுக்கும். வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் போட்டாலும் போகாது. பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினால் போய்விடும்.

சூடுதான் கடைசியில் இந்தப் பந்தயத்தையும் முடித்துவைத்தது. 90 நானோமீட்டரில் டிரான்சிஸ்டர்கள் அணைந்திருக்கும்போதும் மின்சாரம் கசிந்தது, சூடேறினால் கசிவும் ஏறியது. 2004-இல் இன்டெல் 4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியத்தைக் கைவிட்டது. அந்த வரிசை 3.8-இல் நின்றது. 2006-இல் வந்த கோர் 2 டுயோ 14 படிகளுக்குத் திரும்பியது. ஏஎம்டி வகுத்த 64 பிட் கட்டளை முறையை இன்டெலும் ஏற்றுக்கொண்டது. இன்றைய இன்டெல் மேசைக் கணினிகள் பேசுவதும் அதைத்தான்.

ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் போதாது என்ற அந்தப் பாடம் கிண்டி பக்கத்திலேயே இன்னொரு விதமாகப் பயன்படுகிறது. ஐஐடி மெட்ராஸ் வடிவமைத்த சக்தி ப்ராசஸர் குடும்பத்தில் சி வகுப்புக்கு 5 படிகள், சிறிய கருவிகளுக்கான ஈ வகுப்புக்கு வெறும் 3. 2020-இல் அறிவித்த மௌஷிக் சில்லை மொகாலியிலுள்ள செமிகண்டக்டர் ஆய்வகம் 180 நானோமீட்டரில் செய்தது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் முதல் பென்டியம் 4 செய்யப்பட்ட அதே அளவு. ஓர் உணரியின் அளவீட்டைப் படித்து அனுப்பும் கருவிக்கு அது தாராளம். அங்கே குறைந்த வாட்டும் குறைந்த விலையும்தான் தேவை. ப்ராசஸர் வாங்கும்போது எத்தனை ஜிகாஹெர்ட்ஸ் என்று கேட்பதற்கு முன், அதில் என்ன வேலை ஓடப்போகிறது, எந்த அறையில் ஓடப்போகிறது என்று கேட்பவர் ஏமாறமாட்டார்.