கிராஸாக வெட்டிய துணி மட்டும் ஏன் வளைகிறது?

மாவு சலிக்கும் கம்பிச் சல்லடை பழசாகி, வலை மட்டும் கழன்று வந்துவிட்டால் தூக்கி எறியாதீர்கள். கம்பி ஓடும் திசையில் பிடித்து இழுங்கள், அசையாது. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள், நீளும். கம்பி எதுவும் நீளவில்லை. சதுரக் கண்கள் சாய்ந்து வைர வடிவமாகின்றன, அவ்வளவுதான். நீண்டபோது அகலம் குறைந்ததையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெய்த துணியும் இந்த வலைதான். பாவும் ஊடையும் கம்பிகள். 45 பாகைச் சாய்வில் வெட்டிய பட்டியைத் தையல்காரர்கள் ‘கிராஸ் பீஸ்’ என்பார்கள். ரவிக்கைக் கழுத்துக்குப் பைப்பிங் வைப்பது அதில்தான்.

மேல்துணி, பஞ்சு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வை குவில்ட். அதன் வெட்டோரத்தை ஒரு பட்டியால் மூடுவார்கள். ஓரம் நேராக இருந்தால் நேராக வெட்டிய பட்டியே மடங்கிக்கொடுக்கும். 1930களில் அமெரிக்காவில் விரும்பித் தைக்கப்பட்ட ‘டபுள் வெட்டிங் ரிங்’ குவில்ட் அப்படியல்ல. கோத்த மோதிரங்களின் வளைவே அதற்கு ஓரம். நேர்ப்பட்டி வைத்தால் அங்கே சுருக்கம் விழும். கிராஸ் பட்டியோ, சல்லடை வலைபோலக் கண்கள் சாய்ந்து, வளைவோடு போகும்.

கிராஸ் பட்டியைத் துண்டு துண்டாக வெட்டி இணைப்பதைவிட, ஒரே நீளமாக எடுக்கும் வழி எனக்குப் பிடிக்கும். 30 அங்குலச் சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டி, இரு முக்கோணங்களையும் நேரோரம் சேர்த்து இணைகரமாகத் தையுங்கள். சாய்வு ஓரத்துக்கு இணையாக 2¼ அங்குலத்துக்கு ஒரு கோடு போடுங்கள். மிச்சமிருக்கும் நேரோரங்கள் இரண்டையும் சேர்த்துக் குழாயாகத் தைக்கும்போது ஒரு கோடு தள்ளிப் பொருத்துங்கள். சூட்சுமம் இங்கேதான். தள்ளாவிட்டால் தனித்தனி வளையங்கள். தள்ளினால் கத்தரி கோட்டோடு சுற்றிச் சுற்றிப் போக, அறுபடாத ஒரே பட்டி. பரப்பு 900 சதுர அங்குலம்; அதை 2¼-ஆல் வகுத்தால் 400 அங்குலம். தையலில் கொஞ்சம் போகும்.

பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடும்போது பெட்டியை இழுக்காதீர்கள், தூக்கித் தூக்கி வையுங்கள். இழுத்தால் சல்லடைக் கணக்குதான்: இழுபட்ட இடமெல்லாம் ஒல்லி. வெட்டிய ஓரங்களைக் குவில்ட்டின் மேல்பக்க ஓரத்தோடு பொருத்தி ¼ அங்குலம் விட்டுத் தையுங்கள். வெளிவளைவில் பட்டி தளர்வாகவே போகட்டும். இறுக்கித் தைத்தால் ஓரம் உள்ளே சுருளும். இரு வளைவுகள் சேரும் பள்ளத்தில் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, பிறகு போர்வையைத் திருப்ப வேண்டும். மடித்த ஓரத்தைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கையால் ஹெம்மிங் செய்தால் வேலை முடிந்தது.

போர்வை சீக்கிரம் தேய்வது ஓரத்தில்தான். நேர்ப்பட்டியின் மடிப்பு நெடுக ஓடுவது ஓரிரு நூல்களே. அவை தேய்ந்தால் மடிப்பு நீளத்துக்கும் விரியும். கிராஸில் மடிப்பை ஏராளமான நூல்கள் சாய்வாகக் கடக்கின்றன. ஒன்று அறுந்தால் அந்த இடத்தோடு நிற்கும். எனவே அடிக்கடி துவைக்கும் குழந்தைப் போர்வைக்கு, ஓரம் நேராக இருந்தாலும் நான் கிராஸ் பட்டியின் கட்சி. சுவரில் மாட்டும் குவில்ட்டுக்கு வேண்டாம், துணி வீண்.