கூறுநிலைக் கைத்துப்பாக்கியும் காப்புப் பொறிமுறையும்

ஒரு துப்பாக்கியின் எப்பகுதி துப்பாக்கி? சிக் சவர் நிறுவனத்தின் பி320 கைத்துப்பாக்கியில் குழல், கைப்பிடி, மேற்பகுதி யாவும் மாற்றத்தக்கன. தொடரிலக்கம் பொறித்த விசைத்தொகுதி ஒன்றே ஐக்கிய அமெரிக்கச் சட்டத்தின்படி துப்பாக்கி, ஏனையவை உதிரிப்பாகங்கள். கூறுநிலை அமைப்பை நிபந்தனையாக விதித்த அந்நாட்டு இராணுவம் 2017 ஜனவரியில் இதனையே தெரிந்தெடுத்தது.

காப்பின் கதை வேறு. 1982 இல் ஒஸ்திரிய இராணுவம் ஏற்றுக்கொண்ட கிளொக் 17 இன் விசை நடுவே சிறு நெம்பொன்று உண்டு. விரல் அதனை அழுத்தினாலன்றி விசை பின்னகராது. பி320 இல் அந்நெம்பு இல்லை. அடியூசியை மறிக்கும் உட்தடை இருந்தது. ஆயின் விசை பின்சென்றால் அத்தடையும் விலகும். துப்பாக்கி குறித்த கோணத்தில் பின்புறமாக விழுந்தபோது உடல் தரையில் மோதி நின்றது. திணிவு மிக்க விசையோ சடத்துவத்தால் தொடர்ந்து பின்னகர்ந்தது. இழுத்தது விரலா சடத்துவமா என்பதைப் பொறி அறியாது.

2017 ஆகஸ்டில் நிறுவனம் இலேசான விசை முதலிய திருத்தங்களை இலவசமாகச் செய்ய முன்வந்தது. அதனை மீளழைப்பு என்னாது 'விருப்பின்பேரிலான மேம்பாடு' என்றது. (சொற்களிலும் காப்புப் பொறிமுறை உண்டு போலும்!) விழாமலே வெடித்ததெனக் காயமுற்றோர் பின்னரும் வழக்காடினர். நிறுவனம் குறைபாட்டை மறுத்தது. 2024 நவம்பரில் பிலடெல்பியா யூரிமார் அதற்கெதிராகத் தீர்ப்பளித்தனர்.

இராணுவத்துக்கு வழங்கிய எம்17 வகையில் பெருவிரலால் இயக்கும் காப்பு நெம்பு உண்டு. பொதுச்சந்தையில் விற்ற பி320 களுட் பெரும்பாலானவற்றில் அது இல்லை.