குழி தோண்டுவோனும் நுண்ணோக்கியும்

ஏற்காட்டைச் சூழ்ந்த சேர்வராயன் மலைமுடிகள் சிலவற்றில், அலுமினியத்துக்கு மூலமாகிய பாக்சைட்டு கிடைக்கின்றது. அதனைத் தேடுவோன் மலை முழுவதையும் தோண்டிப் பார்த்தல் இயலாது. சில இடங்களிற் குழியிட்டு, அங்கே கண்டதைக் கொண்டே அடுத்த குழிக்கு இடம் தெரிகின்றான். இந்த யுக்தியே பௌதிக சாஸ்திரத்தின் நுண்ணிய ஆராய்ச்சி யொன்றிலும் இன்று பயன்படுகின்றது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

எஃகைக் காந்தத்தால் தேய்த்தால், காந்தத்தை அகற்றிய பின்னும் அதன் குணம் எஃகில் நிற்கும். அதுபோலவே, மின்னழுத்தத்தால் ஒரு திசையில் மின்முனைவு பெற்று, அவ்வழுத்தம் நீங்கிய பின்னும் அதனை இழவாத ஸ்படிகங்கள் சில உள. இவற்றைப் பெர்ரோ மின்பொருள்கள் என்பர். பெர்ரோ என்பது இரும்பைக் குறிக்கும் சொல். எனினும், காந்தத்தோடுள்ள ஒப்புமை பற்றியே இப்பெயர் வந்தது. இவற்றுள் இரும்பு இருக்க வேண்டுவதில்லை. 1920ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானியாகிய ஜோசப் வாலசெக் என்பார் ரோஷல் உப்பில் இக்குணத்தை முதன்முதற் கண்டறிந்தார்.

இத்தகைய ஸ்படிகத்தினுள் மின்முனைவு எங்கும் ஒரே திசையில் இராது. வயல்கள் போலப் பல பகுதிகளும், அவற்றினிடையே வரப்புகள் போன்ற எல்லைகளும் இருக்கும். எல்லையருகே குணம் வேறுபடுதலும் உண்டு. இதனை அறியக் கூரிய ஊசிமுனை கொண்ட நுண்ணோக்கி உதவுகின்றது. முனையால் ஓரிடத்தைத் தொட்டு மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால், அவ்விடம் எப்பொழுது திசை மாறுகின்றதென்பதை ஒரு வளையக் கோடு காட்டும். ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம் செல்லும், ஊசியும் தேயும். ஆகவே எங்கே தொடுவது என்பதே கேள்வி.

இதற்கு விடை சுரங்கத்திலிருந்தே வந்தது. தென்னாப்பிரிக்கப் பொற்சுரங்கங்களில் பணியாற்றிய டானி கிரிகே என்பார், சில மாதிரிகளைக் கொண்டு இடையிலுள்ள நிலத்தின் மதிப்பைக் கணக்கிடும் முறையை 1951இல் ஆராய்ந்தெழுதினார். இன்றைய யந்திரக் கற்றலின் ஒரு பிரிவு அதே கணிதத்தைத் தழுவியது. அது தொடாத இடத்தைப் பற்றி ஊகிப்பதோடு, அவ்வூகம் எவ்வளவு ஐயத்துக்குரியது என்பதையும் கூறும்.

2022இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த யோங்தாவோ லியூ முதலியோர், இம்முறையால் நுண்ணோக்கி தானே அடுத்த புள்ளியைத் தேரும்படி செய்தனர். மின்னழுத்தம் இருக்கும்பொழுது தோன்றும் வளையத்தைத் தேடுமாறு ஏவியபோது அது ஒரு வழியிற் சென்றது. அழுத்தம் நீங்கியபின் தோன்றும் வளையத்தைத் தேடுமாறு ஏவியபோது வேறு வழியிற் சென்றது. ஆதலின் அவ்விரு வளையங்களையும் வெவ்வேறு காரணங்கள் ஆள்கின்றன என்று அவர்கள் துணிந்தனர்.

மாணவ நண்பர்களே, இதிற் கருதத்தக்கது ஒன்றுண்டு. கேள்வி மாறவே யந்திரத்தின் வழியும் மாறிற்று. அடுத்த குழி எங்கே என்பதை யந்திரம் சொல்லும். தேடுவது பாக்சைட்டோ பொன்னோ என்பதைச் சொல்ல வேண்டியவன் மனிதனே. நன்றாகக் கேட்கக் கற்றல் இன்னும் நம் கடமையாகவே இருக்கின்றது.